தேவைக்கு மிஞ்சிய வீச்சு: வீ ஸ்போர்ட்ஸின் தொடக்க ஆண்டுகள்

2006 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' என்னும் காணொளி விளையாட்டுக் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதனுடன் சேர்த்தே வழங்கப்பட்ட வீ ஸ்போர்ட்ஸ் தொகுப்பில் டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்து ஆட்டங்கள் இருந்தன. அதுவரை இத்தகைய ஆட்டங்களைப் பெரும்பாலும் கட்டைவிரல்களே ஆடின. எந்தப் பொத்தான் எதற்கு என்று அறிந்தவர்க்கே திரை வசப்பட்டது. வீயோ தொலைக்காட்சி ரிமோட்டைப் போன்ற ஒரு கருவியைக் கையில் தந்து, மட்டையை வீசுவதுபோல் வீசினால் போதும் என்றது. பொத்தான் பழகாத தாத்தாவும் பேரனோடு ஆட முடிந்தது.

முதன்முறை ஆடியவர்கள் எழுந்து நின்று, தோளிலிருந்து கையை முழுமையாகச் சுழற்றினர். பழகப் பழக ஓர் உண்மை புலப்பட்டது. ரிமோட்டுக்குள் இருந்த முடுக்கமானி, கை எங்கே இருக்கிறது என்பதை அறியாது. அசைவின் வேகம் மாறுவதையே உணரும். டென்னிஸில் திரையிலுள்ள வீரர் பந்தை நோக்கித் தாமாகவே ஓடுவார். பந்து எப்பக்கம் செல்லும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வீசும் தருணமே. எனவே, நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சற்றே சொடுக்கினாலும் பந்து பறந்தது.

மொழியியல் பயில்வோர்க்கு இது அறிமுகமான நிகழ்வு. 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது பேச்சில் 'வந்துட்டிருக்கான்' எனத் தேய்கிறது. பொருள் வேறுபாடு கெடாதவரை, அத்தேய்வைக் கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். வீ கருவியும் அத்தகைய கேட்பவரே. இதைக் கொண்டு, முதல் அனுபவத்தில் உணரப்பட்ட மெய்ம்மை வெறும் மயக்கம் என்று முடிவு கட்டுவது எளிது.

சான்றுகள் அம்முடிவுக்கு இடம்தரவில்லை. ரிமோட்டைக் கையோடு பிணைத்த பட்டை, வேகமான வீச்சில் அறுந்துபோவதாகப் புகார்கள் எழுந்தன. 2006 டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் பட்டைகளை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. 2007இல், பல மணிநேரம் வீ டென்னிஸ் ஆடியதால் தமக்கு வந்த தோள்வலியை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அதே ஆண்டு இறுதியில் வெளியான லிவர்பூல் ஆய்வொன்று, 13 முதல் 15 வயதுக்குட்பட்ட 11 பேரை அளந்தது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட வீ கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கச் செய்தது. மெய்யான ஆட்டத்துக்கு அது ஈடாகவில்லை.

சொடுக்கே போதுமென்றால் பட்டை ஏன் அறுந்தது, தோள் ஏன் வலித்தது? வீச்சைக் 'கேட்டது' கருவி மட்டுமன்று என்பதே பொருத்தமான விடை. கூடத்தில் உடன் நின்றவர்களும், ஆடுபவரின் சொந்த உடலும் அதைக் கேட்டன. அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்த வீ பவுலிங் போட்டிகளில் இது தெளிவாகும். கனமான பந்தைத் தூக்க இயலாதவர்க்கு, கையைப் பின்னே கொண்டுசென்று உருட்டிவிடும் அசைவே ஆட்டம். அதைச் சுருக்கினால் மிஞ்சுவது புள்ளிக்கணக்கே.

2009இல் சுழற்சியை உணரும் மோஷன்பிளஸ் இணைப்பும், 2010இல் உடலையே நோக்கும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட்டும் வந்தன. தொழில்நுட்ப வரலாறு இவற்றைத் துல்லியத்தின் படிகளாக வரிசைப்படுத்துகிறது. கருவி எதை உணர்ந்தது என்பதற்கு அவ்வரிசை விடை தரும். மக்கள் என்ன செய்தனர் என்பதற்குத் தராது.

2023இல் வீ ஸ்போர்ட்ஸ், ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் நடத்தும் உலகக் காணொளி விளையாட்டுப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. வட்டையும் ரிமோட்டையும் பாதுகாத்துவிடலாம். அவற்றை மட்டும் கொண்டு ஆராயும் வருங்கால ஆய்வாளருக்கு மணிக்கட்டின் சொடுக்கே போதுமானதாகத் தோன்றும். முழு வீச்சின் தடம், அறுந்த பட்டை பற்றிய அறிவிப்பிலும் மருத்துவரின் கடிதத்திலும் எஞ்சியிருக்கிறது. விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் அவற்றையும் மூலச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.