கலம்பகமும் ரோஜாக்கும்

பல பொருள்கள் ஒன்றோடொன்று விரவிக் கிடக்கும் நிலையைக் குறிக்க மலாய் மொழியில் வழங்கும் சொல் ‘ரோஜாக்’ என்பதாகும். முதலில் உணவின் பெயராக நின்ற இச்சொல், பின்னர்க் கலவை எனும் பொதுப்பொருளை ஏற்றது. பல மொழிச் சொற்களை வரைமுறையின்றிக் கலந்து பேசுவதை ‘பஹாசா ரோஜாக்’ எனப் பழிக்கும் வழக்கும் தோன்றியது. ஒரு சொல் சுவையிலிருந்து வசைக்கு இறங்கிய வரலாறு ஆராயத்தக்கது.

இச்சொல் ஜாவானியத்தில் ‘ருஜாக்’ என வழங்கும். ஜாவாவின் தாஜி சாசனத்தில் (கி.பி. 901) இதன் தொல்வடிவம் காணப்படுவதாக ஆய்வாளர் கூறுவர். பினாங்கில் அன்னாசி, வெள்ளரி முதலியவற்றை நறுக்கி, கரிய இறால் விழுதும் வேர்க்கடலையும் சேர்த்துப் பிசைந்து தருவது ரோஜாக். இந்திய முஸ்லிம்கள் வடை வகைகளையும் காய்களையும் நறுக்கிச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குழம்பு வார்த்துத் தருவதைப் பினாங்கு மக்கள் ‘பசெம்பூர்’ என்பர். பிற ஊர்களில் அது ‘மாமாக் ரோஜாக்’ எனப்படும்.

இவ்வூரே கலப்பில் வளர்ந்த ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனை நிறுவிய பின், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர் வந்து குடியேறினர். அவர்களைக் குறித்த ‘சூலியா’ என்னும் பெயர் ஒரு தெருவின் பெயராக இன்றும் நிலைத்துள்ளது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும், சீனரின் குவான் யின் கோயிலும் அண்டை அயலாக நிற்கின்றன. 2008இல் இந்நகர் மலாக்காவுடன் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது.

தமிழிலும் கலவையைக் குறிக்கும் சொற்கள் உண்டு. பல்வகைப் பூக்களால் தொடுத்த மாலையைக் ‘கதம்பம்’ என்கிறோம். அதே பொருளில் ‘கலம்பகம்’ என்னும் சொல்லைத் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருப்பள்ளியெழுச்சியிற் காணலாம். பிற்காலத்தில் அது ஒரு சிற்றிலக்கியத்தின் பெயராயிற்று. கிடைத்துள்ள கலம்பகங்களுள் பழமையானது, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன்மீது 9ஆம் நூற்றாண்டில் பாடப்பெற்ற நந்திக்கலம்பகம். ‘கலம்’ பன்னிரண்டையும் ‘பகம்’ ஆறையும் குறிக்குமாதலின் பதினெட்டு உறுப்புகள் உடையது கலம்பகம் என்று விளக்குவாரும் உளர். இது பெயர் தோன்றிய பின் பொருத்திய விளக்கமாகலாம். பூமாலைப் பொருளே இயல்பாகத் தோன்றுகிறது.

ஈண்டு ஓர் உண்மை புலப்படும். கலம்பகத்தில் பாவும் இனமும் விரவும். அகமும் புறமும் கலக்கும். எனினும் அது தாறுமாறன்று. ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதித் தொடை அதனைக் கட்டுகிறது. தேவர்க்கு நூறு, அரசர்க்குத் தொண்ணூறு எனப் பாடல் தொகையையும் பாட்டியல் நூல்கள் வரையறுத்தன. மாலைக்கு நார்போல, ரோஜாக்கிற்கு விழுதுபோல, கலம்பகத்திற்கு அந்தாதி.

மொழிக்கும் இது பொருந்தும். ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆயிற்று. ‘கப்பல்’ ‘கப்பால்’ ஆயிற்று. ‘முதல்’ ‘மோடால்’ ஆயிற்று. மோடாலோடு மலாய் முன்னொட்டுச் சேர்ந்து, முதலீடு செய்பவரைக் குறிக்கும் ‘பெமோடால்’ பிறந்தது. வந்த சொல் மலாய் இலக்கணத்திற்கு அடங்கிற்று. ஆதலின் மலாய் வளம் பெற்றதேயன்றிக் குலையவில்லை.

எனவே பிறசொல் கலப்பதனாலேயே ஒரு மொழி கெட்டுவிடுவதில்லை. கட்டும் நார் அறும்போதே கெடுகிறது. தமிழ் வினையும் வேற்றுமையும் தொடரமைப்பும் மாணவர் நாவில் உறுதியாக நிற்குமாயின், ஒன்றிரண்டு அயற்சொற்கள் மாலையிடைப் பூக்களாகும். அவை தளர்ந்துவிடின், சொற்கள் அனைத்தும் தமிழே ஆயினும் அவை உதிர்ந்த பூக்களே. பன்மொழிச் சூழலில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் முதலிற் காக்க வேண்டுவது அந்த நாரையே.