சாவடியில் ஒரு சனிக்கிழமை: யார் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க?

இந்த எபிசோட் ஒரு பிரியாணியில ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, எங்க காலேஜ் கேங் ஏழு வருஷத்துக்கு அப்புறம் ஒண்ணா சேர்ந்தோம். ஒருத்தன் பெங்களூருல இருந்து பஸ்ல வந்தான், ஒருத்தி ஓசூர்ல இருந்து, ரெண்டு பேர் ஆவடியில இருந்து, நான் வடபழனியில இருந்து. எல்லாருக்கும் சௌகரியமான இடம் எதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல மூணு நாள் சண்டை. கடைசியில குமணன்சாவடின்னு முடிவாச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். போரூர் பக்கமிருந்து வர்ற மவுன்ட் – பூந்தமல்லி ரோடும், வேலப்பன்சாவடி வழியா வர்ற ட்ரங்க் ரோடும் அந்தப் பக்கம்தான் சேருது. மேற்கிலிருந்து வர்றவங்களுக்கும் சிட்டியிலிருந்து போறவங்களுக்கும் நடுவுல.

மதியம் பிரியாணி, சாயங்காலம் டீ, ராத்திரி பரோட்டா, சால்னா. நடுவுல பழைய ஆர்ரியர் கதைகள். பரோட்டா சாப்பிடும்போது ஒருத்தி கேட்டா: "இங்க எல்லா ஊருக்கும் ஏன்டா சாவடின்னு பேரு? குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி..."

அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல 'குமணன்'. ஸ்கூல்ல தமிழ் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதிரமலைத் தலைவன் குமணன், புறநானூற்றில் வரும் வள்ளல். தம்பி நாட்டைப் பிடுங்கிக்கிட்டுத் தலைக்கு விலை வெச்சப்போ, உதவி கேட்டு வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனார் கிட்ட வாளை நீட்டி, தன் தலையையே கொண்டுபோகச் சொன்னவன். ஆனா இன்னைக்கு நம்ம கவனம் பேரோட ரெண்டாவது பாதி மேல. சாவடி.

சாவடி என்பது வழிப்போக்கர்கள் தங்கும் மண்டபம். தூண்கள், மேலே கூரை, பல நேரம் பக்கத்தில் கிணறோ குளமோ. சத்திரம் அதைவிட ஒருபடி மேல். அங்கே சாப்பாடும் உண்டு. ரெண்டையும் மக்கள் கலந்தும் சொல்லியிருக்கிறார்கள். இன்னைக்கும் அந்த வார்த்தை நம்மகிட்ட இருக்கு. ஓட்டுப் போடப் போற இடம் வாக்குச்சாவடி. பெங்களூரு ரோட்டுல ஃபாஸ்டேக் 'பீப்' அடிக்கிற இடம் சுங்கச்சாவடி.

இங்க ஏன் இத்தனை சாவடி? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மாட்டு வண்டி மணிக்கு 3, 4 கிலோமீட்டர் போகும். சென்ட்ரல் பக்கமிருந்து குமணன்சாவடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அப்போ காலையில கோட்டைப் பக்கமிருந்து கிளம்பின வண்டிக்கு இங்க வர்றதுக்குள்ளேயே அஞ்சாறு மணி நேரம் ஆயிடும். மாடு தண்ணி குடிக்கணும், மனுஷன் சோறு பொங்கணும். மேற்கே காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர், அதைத் தாண்டி மைசூர் வரைக்கும் போற பாதை இது. முதல் நாள் பயணம் நிக்கிற தூரத்துல சாவடிகள் வரிசையா இருக்கிறது இயல்புதானே.

அப்புறம் 1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அந்தத் தடம் பூந்தமல்லி வழியா வரல. வடக்கே, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியா போச்சு. ரெண்டு மூணு நாள் வண்டிப் பயணம் சில மணி நேரமா சுருங்கிப் போச்சு. தூரப் பயணிகள் ரயிலுக்கு மாற, சத்திரங்களும் ஸ்டேஷன் பக்கம் நகர்ந்தன. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ராமசாமி முதலியார் சத்திரம் அந்தக் காலத்து நினைவுச் சின்னம். சாவடிகள் மெல்ல மறைய, ஊர்ப் பேர்ல மட்டும் அவை தங்கிப் போச்சு.

இதுவரைக்கும் ரோட்டுக் கதை. இனி சோத்துக் கதை.

தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் சத்திரங்களை விட்டுக்கொடுக்க முடியாது என்பதற்கான வாதம் அது. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் முதல் எல்லாச் சாதியாருக்கும் அங்கே உணவு உண்டு, நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு என்று விவரித்தார். சமைத்த சோறு சாப்பிட முடியாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாகக் கொடுக்கப்பட்டன என்பதும் அதில் இருக்கிறது.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நின்னு கவனிங்க. எல்லாருக்கும் சோறு உண்டு. ஆனா எல்லாரும் ஒரே பானைச் சோறு சாப்பிடணும்னு இல்ல.

சென்னைக்கு வருவோம். 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பு. ஊர்கள் எரிய, மக்கள் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். பஞ்சம். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பிக்கப்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். 1799-ல் அங்கே ஒரு மருத்துவமனையும் வந்தது. அது வளர்ந்து வளர்ந்து, 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக நின்றது. வடசென்னையில இன்னைக்கும் ஒரு பெரியவர்கிட்ட கேளுங்க, 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னு சொல்வார். ஒரு கஞ்சிப் பந்தல், ஒரு மெடிக்கல் காலேஜ் ஆச்சு.

இன்னொரு காலேஜுக்கும் இதே மாதிரி கதை. பச்சையப்ப முதலியார், 1754-ல் பிறந்து 1794-ல் இறந்த பெரும் வணிகர். கோயில் திருப்பணிக்கும் தர்ம காரியங்களுக்கும் சொத்தை எழுதி வைத்தார். உயில் பல வருஷம் வழக்கில் இழுபட்டது. கடைசியில் தர்மத்துக்குப் போக மிச்சமிருந்த பணத்தில் 1842-ல் பிராட்வேயில் ஒரு பள்ளி தொடங்கியது. 1889-ல் அது கல்லூரி. 1940-ல் அந்தக் கல்லூரி இடம் மாறி வந்தது எந்த ரோட்டுக்குத் தெரியுமா? பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு. நம்ம சாவடிகள் இருக்கிற அதே ரோடு. அறிஞர் அண்ணா படித்த கல்லூரி அது. ஆனால் 1947 வரைக்கும் இந்துக்களுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது.

ஆக, தர்மம் காலேஜா மாறினது. யாருக்குக் கதவு திறந்ததுங்கிறது தனிக் கேள்வி.

அந்தக் கேள்வி ஹோட்டல்லயும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னையில் 'காபி கிளப்' என்ற புது இடம் பரவியது. காசு கொடுத்தால் காப்பி, டிபன். ஆனா பல வாசல்களில் 'பிராமணாள்' என்று போர்டு. சமைப்பவர் யார் என்பது மட்டும் அல்ல, உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதும் அந்த போர்டுக்குள் அடங்கும். காப்பியும் சாதியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில் நிலைய உணவகங்களில் இருந்த தனித்தனிப் பிரிவுகள் 1941-ல் எடுக்கப்பட்டன. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' போர்டுக்கு எதிராகப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 1958-ல் போர்டு மாறியது.

கவனிங்க, அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950-ல். அதன் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடை செய்கிறது. இன்னைக்கு நாம யோசிக்காம நுழையற ஒரு பரோட்டாக் கடைக்கு அரசியல் சட்டத்துல ஒரு வரி தேவைப்பட்டிருக்கு.

அன்னைக்கு ராத்திரி இதையெல்லாம் போன்ல பாத்துப் பாத்து நான் பீத்திக்கிட்டு இருந்தேன். அப்போ எங்க கேங்லயே ரொம்ப அமைதியானவன், சால்னாவைப் பரோட்டா மேல ஊத்திக்கிட்டே சொன்னான்: "எங்க தாத்தா ஊர்ல, கடைக்கு வெளிய நின்னு, தனி டம்ளர்லதான் டீ குடிச்சிருக்காருடா. குடிச்சிட்டு அவரே கழுவி வெக்கணும். எங்க அப்பாவும் சின்ன வயசுல பாத்திருக்காரு."

நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல். ஒரே தட்டுல மேகி சாப்பிட்டிருக்கோம். அவன் இதைச் சொன்னதே இல்ல. ஏன்னு கேட்டேன். "நீங்க யாரும் கேக்கலையே"ன்னான். கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னான். எனக்குத்தான் கொஞ்ச நேரம் சாப்பாடு இறங்கல.

யோசிச்சுப் பாத்தா, எங்க ஃப்ரெண்ட்ஷிப் ஒரு ஹாஸ்டல் மெஸ்ல உருவானது. அந்த மெஸ்ல நாங்க பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்ததுக்குப் பின்னாடி இடஒதுக்கீடு இருக்கு, 1984-க்கு அப்புறம் தமிழ்நாடு முழுக்க வந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் இருக்கு, கடனை வாங்கி ஃபீஸ் கட்டின அப்பா அம்மா இருக்காங்க, போர்டு முன்னாடி நின்னு கைதானவங்க இருக்காங்க. 'சும்மா ஒரு கெட் டுகெதர்'னு நாங்க நெனச்ச விஷயத்துக்கு இவ்ளோ பேர் வேலை பாத்திருக்காங்க. வேலை முடிஞ்சிடுச்சான்னு கேட்டா, இல்ல. ரெட்டை டம்ளர் பத்தி இன்னைக்கும் செய்தி வருது. சிட்டியில வீடு வாடகைக்குத் தேடினவங்களுக்கு, 'நீங்க என்ன சாப்பிடுவீங்க?'ங்கிற கேள்வி எதைக் கேக்குதுன்னு நல்லாவே தெரியும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் தடம். அதில் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் ஸ்டேஷன் பெயர்கள். மாட்டு வண்டிக்காரன் இளைப்பாறின பேரு, இப்போ மெட்ரோ ஸ்பீக்கர்ல கேக்கப்போகுது.

புறநானூற்றில் குமணனைப் பாடின இன்னொரு புலவர் பெருஞ்சித்திரனார். பரிசோடு வீட்டுக்கு வந்தவர், மனைவிகிட்ட, இன்னார் இனியார்னு பாக்காம எல்லாருக்கும் கொடுன்னு சொல்ற பாட்டு ஒண்ணு இருக்கு. அன்னைக்கு பில் கட்டும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எங்க கேங்ல வழக்கம்போல யாரும் பர்ஸை எடுக்கல. அந்த அமைதியானவன்தான் ஜிபே பண்ணினான். அடுத்த தடவை அவங்க ஊர்லதான் சந்திக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அவங்க அம்மா மீன் குழம்பு வெக்கிறாங்களாம்.

உங்க கேங்லயும் ஒரு அமைதியான ஆள் இருப்பாங்க. அடுத்த வீக்கெண்ட் பாக்கும்போது, அவங்க தாத்தா பாட்டி எங்க, எப்படிச் சாப்பிட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. கேட்ட கதையை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.