பெயர் அறியா நோயும் செவிலியர் பாதுகாப்பும்: நிபா தரும் வரலாற்றுப் பாடம்

2001ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் பரவிய மூளைக்காய்ச்சலில் 66 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 45 பேர் இறந்தனர். நோயுற்றோரில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது நோயாளிகளைக் காண வந்தோர். அது நிபா என்பதை 2006இல் வெளியான ஆய்வுக் கட்டுரையே புலப்படுத்தியது.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி அதே நோய்க்குப் பலியானார். அவர் பணியாற்றிய நாளில் நோயின் பெயர் எவருக்கும் தெரியாது.

இரு நிகழ்வுகளிலும் நோயறிதலுக்கு முன்பே தொற்று நிகழ்ந்துவிட்டது. ஆகவே, நோய் உறுதியான பின் வழங்கப்படும் கவச உடை மட்டும் போதாது. காரைக்கால் போலகம் போன்ற சிற்றூர்களிலும், காய்ச்சல் கண்டவரை அணுகும் முதல் நொடியிலேயே செவிலியர் கையில் கையுறையும் முகக்கவசமும் இருத்தல் வேண்டும்.