நாவலரும் பிரசங்கக் கலையும்



நாவன்மை பிறவியோடு வருவது. முயன்று பெறத்தக்கதன்று என்று கருதுவோர் பலர். மேடையேறி வாயடைத்து நின்ற மாணவனும், கூட்டத்திலே நாலு வார்த்தை சொல்லும்படி கேட்கப்பட்டுப் பின்வாங்கிய பெரியவரும் இக்கருத்திலேயே ஆறுதல் தேடுகின்றனர். வரலாறோ இதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. அச்சான்றைத் தேடித் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. பேச்சு வன்மையால் வந்த பட்டமே பெயராய் நிலைத்துவிட்ட ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் எவ்வாறு பேச்சாளரானார் என்று ஆராய்ந்து பார்ப்போமாயின், நல்ல பேச்சு நாவிலே பிறப்பதன்று, நா அசையுமுன் செய்யப்படும் உழைப்பிலே பிறப்பது என்பது தெளிவாகும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகம் என்னும் இளைஞர் ஒருவர் கூடியிருந்தோர்முன் எழுந்து சமயப் பிரசங்கஞ் செய்தார். 1822இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. கோயிலிலே ஒருவர் பேசினார் என்பது இன்று நமக்கு வியப்பைத் தராது. அன்றோ அது புதுமை.

அதற்கு முன்னும் கோயில்களிலே சமய அறிவு ஊட்டப்பட்டே வந்தது. கந்தபுராணம் முதலிய நூல்களை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன வழக்கம் யாழ்ப்பாணத்திலே வேரூன்றியிருந்தது. அது பெருமைக்குரிய மரபே. ஆயினும், அங்கே அடுத்து எதனைச் சொல்வது என்பதைச் செய்யுளின் வரிசையே தீர்மானித்தது. கேட்போர் அன்று எதனை அறிய வேண்டியிருந்தனர் என்ற கேள்விக்கு அம்முறையில் இடம் குறைவு.

அக்காலத்திலே அக்கேள்வி மிக அவசரமான கேள்வியாயிற்று. வெஸ்லியன் மிஷனார் 1814இலும் அமெரிக்க மிஷனார் 1816இலும் இலங்கையிலே தம் பணியைத் தொடங்கியிருந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்தது. பாடசாலையும் அச்சியந்திரமும் அவர்கள் கையிலிருந்தன. இவற்றோடு அவர்களிடம் மற்றொரு கருவியும் இருந்தது. குறித்த நாளிலே, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரமான வேதவாக்கியத்தைக் காட்டி, வழக்கிலுள்ள வசனத்திலே விளக்கி, ஆதலால் நீங்கள் இன்னது செய்யக்கடவீர்கள் என்று முடிக்கும் பிரசங்கமே அக்கருவி. சைவர்களிடம் நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் பொருள் பெரும்பாலும் செய்யுளுக்குள்ளே பூட்டிக்கிடந்தது. ‘நீங்கள் ஏன் இவ்வாறு வழிபடுகின்றீர்கள்?’ என்று பாடசாலையிலே வினவப்பட்ட சிறுவன் வீட்டுக்கு வந்து கேட்டால், தெளிந்த விடை சொல்லப் பெற்றோர் பலரால் இயலவில்லை.

ஆறுமுகம் செய்த அருஞ்செயல், எதிர்த்தரப்பினர் கையாண்ட முறையின் வலிமையை உணர்ந்து அதனைத் தமதாக்கிக்கொண்டமையே. அதற்கு வேண்டிய ஆயத்தம் அவருக்கு எங்கே வாய்த்தது? அந்த மிஷன் பாடசாலையிலேதான். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே ஆங்கிலங் கற்ற அவர், பின்னர் அங்கேயே ஆசிரியரானார். பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கிய பணியிலே அவருக்குத் துணைநின்றார். 1848இல் அம்மொழிபெயர்ப்பின் பொருட்டுப் பாதிரியாரோடு சென்னைக்கும் சென்றுவந்தார்.

மொழிபெயர்ப்புப் பணியைப் பேச்சுக்கு ஆயத்தம் என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். கற்றோர் குறைகூறாததாயும் கல்லாதார் கேட்டுணரத்தக்கதாயும் அமையவேண்டிய நூல் அது. இவ்விரு திறத்தாரையும் மனத்திலே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர், சபை முன்னிலையிலே சொல்லுக்குத் தடுமாறுவாரா? அன்றியும், தாம் மறுக்கப்போகும் சமயத்தின் நூலை அவர் வரிவரியாக அறிந்திருந்தார். தம் சமய நூல்களையும் அவ்வாறே கற்றிருந்தார். தன் கட்சியை மாத்திரம் அறிந்தவன் தன்னோடு உடன்படுவோர்முன் பேசலாம். ஐயமுற்றோர்முன் பேசுதற்கு மறுகட்சியையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களையும் நோக்குவோம். சிவலிங்க வழிபாடு, தீட்சை முதலிய சமயப் பொருள்களோடு, கள்ளுண்ணாமை, கொல்லாமை, பிறர்மனை நயவாமை, தானம் ஆகியனவும் அவர் பிரசங்கத்திலே இடம்பெற்றன. கேட்டவர் அன்றிரவு வீட்டிலே நினைந்து பார்க்கத்தக்க பொருள்கள் இவை. ஒரு கூட்டத்திலே எல்லாவற்றையுஞ் சொல்லிவிட அவர் முயலவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. அவரும் அவருடைய நண்பர் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறிமாறிப் பேசினர். ஒருவர் பேச மற்றவர் கேட்டிருக்கும் இம்முறையிலே ஒரு நன்மை உண்டு. பேசுவோர்க்கு ஆயத்தஞ் செய்ய அவகாசம் கிடைக்கின்றது. சபையிலிருந்து கேட்கும்போது பேச்சு எவ்விடத்திலே விளங்குகின்றது, எவ்விடத்திலே தளர்கின்றது என்பதும் புலனாகின்றது.

சில மாதகாலம் அவர் மிஷன் பாடசாலையிலே பணிசெய்துகொண்டே சைவப் பிரசங்கமும் செய்துவந்தார். பின்னர் 1848இல் அவ்வேலையையும் அதனால் வந்த வேதனத்தையும் துறந்தார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சபையோர் சொல்லை மாத்திரம் கேட்பதில்லை. சொல்பவனையும் அளந்து பார்க்கின்றனர். பிள்ளைகளுக்குச் சைவக் கல்வி வேண்டும் என்று மேடையிலே சொல்லியவர் பாடசாலை ஒன்றை நிறுவிக் காட்டியபோது, அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு முன்னையினும் உயர்ந்தது.

1849இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகஞ் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்திலே அவர் பேசினார். அங்கே கேட்டவர்கள் சாத்திரத்திலே தேர்ந்தவர்கள். அவருடைய திறமையை உணர்ந்த ஆதீனத்தார் ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கினர். இதனால் ஓர் உண்மை புலப்படும். வண்ணார்பண்ணையிலே அவர் எளிமையாகப் பேசியது கடினமாகப் பேச இயலாமையாலன்று. கேட்போர் பொருட்டு அவரே தேர்ந்துகொண்ட எளிமை அது. 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்ட போதும் அவர் அவ்வழியையே பின்பற்றினார். தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறிகளை அமைத்து அச்சிட்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். எவ்விடத்திலே மூச்சு விடவேண்டும், எவ்விடத்திலே பொருள் முடிகின்றது என்பதைப் பேச்சிலே பழகியவர்க்கு அக்குறிகளின் அருமை நன்கு விளங்குமன்றோ?

வரலாற்றைக் கூறுவோர் குறையையும் மறைத்தலாகாது. நாவலர் சாதியாசாரத்தை ஏற்றுப் போற்றியவர். அக்காலத்திலே தாழ்த்தப்பட்டோர்க்கு யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்களின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே, எளிய தமிழிலே நிகழ்ந்த அப்பிரசங்கம், எளியோர் பலரைச் சென்றடைய வழியிருக்கவில்லை. 1960களிலும் கோயிற் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். முன்னே இருப்போர் யாவர் என்று மாத்திரமன்றி, வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்றும் பேச்சாளன் தன்னைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். இப்பாடத்தை நாவலரின் வெற்றியிலிருந்தன்றி அவருடைய எல்லையிலிருந்தே கற்கின்றோம்.

இனி, சபையிலே பேசவிருக்கும் ஒருவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? கேட்போர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கருத்து எதுவென்பதை முதலிலே ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுத இயலாவிடின் பேச்சுக்கு நீங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே பொருள். பின்னர், ஐயமுற்ற ஒருவர் எதிரே இருப்பதாக எண்ணி அவர் கேட்கக்கூடியவற்றுக்கு விடை தேடுங்கள். எழுதியதைத் தனியிடத்திலே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய வாக்கியம் மூச்சுக்கு அடங்காதிருக்குமாயின் அதனை இரண்டாக்குங்கள். மேடையிலே கடைசி வரிசையில் இருப்பவரை நோக்கி நிதானமாகத் தொடங்குங்கள். சொல்ல வந்தது முடிந்தவுடன் அமர்ந்துவிடுங்கள். மிகுதியை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வைத்தவரே நாவலர்.

1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்திலே, அவர் தம் இறுதிப் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆந் திகதி அவர் மறைந்தார். முதற் பிரசங்கத்துக்கும் இறுதிப் பிரசங்கத்துக்கும் இடையே முப்பத்தோராண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அன்று புதுமையாயிருந்த பிரசங்கம் இன்று நம் கோயில் திருவிழாக்களிலே வழக்கமாகிவிட்டது. சபையோர் கண்டது வெள்ளிக்கிழமை மாலையை மாத்திரமே. அம்மாலைக்கு வலிமை தந்தவை அவர்கள் காணாத மற்றை நாள்களே.