மாணவர்களின் மனச்சோர்வும் கவனப் பயிற்சியும்

கவனப் பயிற்சி என்பது, துயரமான எண்ணங்களிலேயே தங்கிவிடும் கவனத்தைத் தாம் விரும்பும் பக்கம் திருப்பப் பழக்கும் உளவியல் முறையாகும். லேசான மனச்சோர்வு உள்ள மாணவர்களுக்கு இது துணைபுரியக்கூடும் எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் இது மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றாகாது. இதன் பயன், எல்லை ஆகியவற்றையும், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியினர் உதவி பெறும் வழிகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

மனச்சோர்வை எவ்வாறு அறியலாம்?

கீழ்க்காண்பவற்றுள் பல, பெரும்பாலான நாட்களில், 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள்.

• காரணமின்றித் துயரம், எரிச்சல் அல்லது அழுகை
• முன்பு விரும்பிய விளையாட்டிலும் நட்பிலும் நாட்டமின்மை
• தூக்கத்திலும் பசியிலும் மாற்றம்; தொடர்ந்த களைப்பு
• ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம்
• பாடத்தில் மனம் பதியாமை, மதிப்பெண் குறைதல்
• இறப்பைப் பற்றிய பேச்சு

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டறிந்தது. இவர்களிற் பலர் வீட்டில் ‘சோம்பேறி’ என்றோ ‘திமிர்’ என்றோ பெயர் பெறுகின்றனர். கவனக் குறைவு மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்று; அது ஒழுக்கக் குறைபாடு அன்று.

கவனத்திற்கு என்ன நேர்கிறது?

மனச்சோர்வில் கவனம் இல்லாமற் போவதில்லை. அது ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது. புத்தகம் திறந்திருக்கும், மனமோ தேர்வில் தவறிய ஒரு வினாவையும், யாரோ சொன்ன ஒரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். பலர் கூடிய இடத்தில் சோகமான முகமே முதலில் கண்ணில் நிலைக்கும். இதனைக் ‘கவனச் சார்பு’ என்பர். ‘கவனமாகப் படி’ என்று அதட்டுவதால் இச்சிக்கல் அவிழாது. கவனத்தை மெல்லப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்லப் பழகுவதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சி முறைகள்

1. கணினி வழிப் பயிற்சி: திரையில் சோகமான முகம் ஒன்றும் இயல்பான முகம் ஒன்றும் சில நொடிகள் தோன்றி மறையும். பின்னர் இயல்பான முகம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி தோன்றும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பலமுறை செய்யும்போது கவனம் சோகத்தினின்று விலகப் பழகுகிறது.

2. ஒலி வழிப் பயிற்சி: உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1990இல் வகுத்த முறை. கண்களை ஓரிடத்தில் நிறுத்தி, சுற்றியுள்ள ஒலிகளை ஏறத்தாழ 12 நிமிடங்கள் கவனிப்பதாகும். இதற்கு இணையமோ கைப்பேசியோ தேவையில்லை. ஆதலால் அலைவரிசை எட்டாத மலைக்கிராமங்களிலும் செய்யலாம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2010இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், லேசானது முதல் நடுத்தரமானது வரையிலான மனச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 34 மாணவர்களிடம் கணினிப் பயிற்சி சோதிக்கப்பட்டது. 2 வாரங்களில் 4 அமர்வுகள் பெற்றவர்களிடம் அறிகுறிகள் குறைந்தன. அதே ஆண்டில் பெல்ஜியத்தில் வெளியான மற்றோர் ஆய்வில், லேசான அறிகுறி உள்ள மாணவர்கள் பயன்பெற்றனர். அறிகுறிகள் கடுமையாக இருந்த மாணவர்களுக்கோ அவை கூடின. பின்னர் பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், பயன் சிறிய அளவினது என்றே மதிப்பிட்டனர்.

எனவே மனச்சோர்வு எத்தகையது என்று மருத்துவர் கணித்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பிக் காலம் கடத்த வேண்டா.

ஒலி வழிப் பயிற்சியைச் செய்யும் முறை

• அமைதியான நேரத்தில் அமர்ந்து, எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள்.
• குறைந்தது 3 ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள்: மின்விசிறி, பறவை, தொலைவில் செல்லும் பேருந்து.
• முதல் 5 நிமிடங்கள்: ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே கவனியுங்கள்.
• அடுத்த 5 நிமிடங்கள்: ஓர் ஒலியிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறுங்கள்.
• இறுதி 2 நிமிடங்கள்: எல்லா ஒலிகளையும் ஒருசேரக் கேளுங்கள்.

இடையே எண்ணங்கள் எழுவது இயல்பு. அவற்றை விரட்ட முயலாமல் மற்றுமோர் ஒலியாகக் கருதி, கவனத்தை மீட்டுக்கொள்ளுங்கள். மனவேதனை மிகும் நேரத்தில் அதிலிருந்து தப்பும் வழியாக இதைக் கையாள வேண்டா. மனநிலை மோசமானால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உறுதிப்பட்ட சிகிச்சைகள்

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை போன்ற உளவியல் சிகிச்சைகளும், தேவைப்படுவோர்க்கு மருந்துகளும் பயனளிப்பவை. விட்டுப்போன அன்றாடச் செயல்களைப் படிப்படியாக மீட்கும் எளிய ஆலோசனை முறை, கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தமை 2017இல் வெளியானது. மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதேபோன்ற களைப்பைத் தரும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்கலாம்.

பெற்றோரும் விடுதிக் காப்பாளரும் செய்ய வேண்டியவை

• அறிவுரைக்கு முன் கேளுங்கள். பிற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள்.
• தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. பேசுவதற்கு வழி பிறக்கும்.
• மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு பயிரிடும் வீடுகளில் பூச்சிக்கொல்லியையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் கூடுதல் கவனம் தேவை.
• உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மாணவரைத் தனியே விடாதீர்கள்.

எங்கு உதவி பெறலாம்?

• 14416: ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.
• 104: மருத்துவத் தகவல் சேவை.
• 108: அவசர ஊர்தி.
• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. மனநல மருத்துவரைக் காண, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

மனநலச் சிகிச்சை பெறுவது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் அளிக்கும் உரிமை. சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கவும் அச்சட்டம் வகைசெய்கிறது. ஆகவே ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்காமல் உரிய காலத்தில் உதவி நாடுங்கள்.

இப்பக்கத்தின் தகவல்கள் விழிப்புணர்வுக்கானவை. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரை அணுகவும்.