தளம் எப்போது நிலையம் ஆகிறது?

செட்டிநாட்டில் விமானம் என்றால் முதலில் கோயில்தான். நாச்சியாபுரத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார்பட்டியில் திருப்பணி என்று பேச்சு வந்தால், ராஜகோபுரம் வேறு, கருவறைக்கு மேல் நிற்கும் விமானம் வேறு. ‘வி-மான’ என்ற வடசொல்லின் வேரில் அளத்தல் இருக்கிறது. அளந்து கட்டியதும் விமானம், வெளியை அளந்து கடப்பதும் விமானம். ராவணனின் புஷ்பக விமானத்தைக் கதையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இயந்திரம் வந்தபோது பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. புறநானூற்றில் வானவூர்தி இருக்கிறது. ஆனால் வழக்கில் வென்றது விமானம். வானூர்தி ஈழத்தார் எழுத்திலும் தனித்தமிழ் நடையிலும் நிலைத்தது.

அது இறங்கும் தரைக்குத்தான் பெயர் இல்லை. ஆங்கிலத்திலும் அதே திண்டாட்டம். ‘ஏரோட்ரோம்’ கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம், ஓடுகளம். அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி 1890களில் தம் பறக்கும் இயந்திரத்துக்கே ஏரோட்ரோம் என்று பெயர் வைத்தார். பெயர் பிறகு மெல்லத் தரைக்கு இறங்கிவிட்டது. கடலிலிருந்து கடன் வாங்கிய பெயர்களும் உண்டு. இந்தியாவில் 1911இல் வந்த முதல் சட்டத்தின் பெயரே ஏர்ஷிப்ஸ் சட்டம். ஏர்போர்ட்டிலும் துறைமுகம் ஒளிந்திருக்கிறது. கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டித்தொழிலுக்குப் போன ஊர்க்காரர்களுக்கு அது பொருந்தியிருக்கும். தமிழோ ரயிலைப் பார்த்து ‘நிலையம்’ என்றது.

1927இல் இந்திய அரசில் சிவில் விமானத் துறை தனியாக அமைந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். 1934இன் விமானச் சட்டம் பலூனையும் பட்டத்தையும்கூட விமானக் கணக்கில் சேர்த்தது. மாடியில் காற்றாடி விடும் பையனும் கண்டிப்பாகப் பார்த்தால் விமானம் ஓட்டுபவன்தான்! ஏரோட்ரோமுக்கு அது தந்த விளக்கம்: விமானம் இறங்கவோ கிளம்பவோ உத்தேசித்த, எல்லை வரையறுத்த நிலமோ நீரோ. 1937இன் விதிகள் இன்னொன்றைச் சேர்த்தன: கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை வாடிக்கையாக இறக்கி ஏற்ற வேண்டுமானால் அந்த இடத்துக்கு உரிமம் வேண்டும். தளம் நிலையமாக மாறுவது அங்கேதான். தார் போட்டால் தளம் ஆகும். உரிமமும் கால அட்டவணையும் இல்லாமல் நிலையம் ஆகாது.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கச் செட்டிநாட்டுக்கே வரலாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் போட்ட ஓடுதளம் காரைக்குடிக்கு வடக்கே, செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கிறது. மதுரையிலும் போர்க்காலத் தளந்தான் இருந்தது. அது பிறகு பயணிகளுக்கான நிலையமாயிற்று. செட்டிநாட்டுத் தளத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

பயணிகள் இல்லாமற்போனதால் என்று சொல்ல முடியாது. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கிய பி.ஓ.ஏ.சி. விமானம் ஓடுபாதை முகப்பிலிருந்த கடற்சுவரில் மோதியது. இறந்த 33 பேரில் அவரும் ஒருவர். கப்பலில் தொழிலுக்குப் போன சமூகம் அதற்குள் விமானத்துக்கு மாறியிருந்தது.

1934இன் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ‘வாயுயான்’ தமிழில் ஒட்டப்போவதில்லை, ஒட்டவும் வேண்டாம், விமானம் போதும். நாச்சியாபுரத்துக்காரர் சிங்கப்பூர் போக இன்றும் திருச்சிக்கோ மதுரைக்கோதான் காரெடுக்க வேண்டும். செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையம் உண்டு, விமான நிலையம் இல்லை.