பல மரம் கண்ட தச்சன்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பார்கள். எங்கள் வீட்டில் இதை எனக்குச் சொல்லாத ஆளே கிடையாது. ஒன்றைத் தொடுவேன், அது முடிவதற்குள் இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன். இந்தப் பழமொழியோடு மனசுக்குள் சண்டை போடும்போதெல்லாம் நான் துணைக்குக் கூப்பிடும் ஆள், ஸ்வீடன்காரர் டான் ஸ்வானோ.

அவர் பெயர் முதலில் கண்ணில் பட்டது ஆல்பங்களின் பின்னட்டைப் பொடி எழுத்தில்தான். ஓபெத்தின் முதல் இரண்டு ஆல்பங்கள், கடடோனியாவின் முதல் ஆல்பம், டிசெக்‌ஷனின் 'தி சோம்பர்லேன்'. மூன்று பேண்டும் மூன்று திசை. ஆனால் பதிவு செய்தது ஒரே ஆள், அவருடைய யூனிசவுண்ட் ஸ்டூடியோவில்.

1990களின் தொடக்கத்தில் ஸ்வீடிஷ் டெத் மெட்டல் என்றாலே ஸ்டாக்ஹோம்தான். அங்கே சன்லைட் ஸ்டூடியோவில், பாஸ் எச்எம்-2 பெடலின் குமிழ்களை முழுசாகத் திருகி, ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு கிட்டார் சத்தத்தைப் பிடித்திருந்தார்கள். 1990இல் என்டூம்டின் முதல் ஆல்பம் வந்தபிறகு எல்லோரும் அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடினார்கள். ஸ்வானோ தலைநகரத்து ஆள் இல்லை. ஃபின்ஸ்போங் என்கிற சின்ன ஊர். 1989இல், பதினாறு வயதில், நண்பர்களோடு அங்கே தொடங்கிய பேண்ட்தான் 'எட்ஜ் ஆஃப் சானிட்டி'.

டெத் மெட்டல் பேண்ட் என்றால் உறுமணும். ஸ்வானோ அருமையாக உறுமுவார். ஆனால் 1993 ஆல்பத்தில் திடீரென்று ஒரு பாட்டை, உறுமலே இல்லாமல், கோதிக் ராக் பாணியில் கனத்த குரலில் பாடி வைத்தார். 1995இல் 'நைட்டிங்கேல்' என்று அந்தக் குரலுக்காகவே தனியாக ஒன்று. பின்னாளில் 'பிளட்பாத்' பேண்டில் மைக்கை ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டிடம் விட்டுவிட்டு டிரம்ஸில் உட்கார்ந்துகொண்டார். அடுத்து அதே பேண்டில் கிட்டார்.

1996இல் வந்தது 'கிரிம்சன்'. ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, நாற்பது நிமிடம். குழந்தை பிறப்பே நின்றுபோன எதிர்கால உலகில் ஒரு ராணிக்குக் குழந்தை பிறக்கிற கதை. உறுமல், பாட்டு, கீபோர்ட், மெல்லிய கிட்டார் என்று அதுவரை அவர் போய்வந்த எல்லா இடமும் அதில் இருக்கிறது. ஒரே மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவரால் இதைச் செய்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதோடு நிறுத்தினால் பழமொழியை நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அடுத்த ஆண்டே பேண்ட் உடைந்தது. 1997இல் வந்த 'இன்ஃபெர்னல்' ஆல்பத்தைக் கேட்டால் போதும், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது தெரியும். ஸ்வானோ வெளியேறினார், மற்றவர்கள் வேறு பாடகரோடு இன்னொரு ஆல்பம் போட்டார்கள். அவர் ஆரம்பத்தில் பதிவு செய்த ஓபெத் உலகம் சுற்றியது.

2003இல் அவர் திரும்பி வந்து 'கிரிம்சன் 2' செய்தார். பாட்டு, கிட்டார், பேஸ், கீபோர்ட் என்று பெரும்பாலும் தனி ஆளாக. அட்டையில் பழைய பேண்டின் பெயர். உள்ளே பழைய நண்பர்கள் இல்லை. விட்ட கதையை முடித்துவிட்டார், ஆனால் தனியாக.

அதனால் இப்போதெல்லாம் வீட்டில் யாராவது தச்சனை இழுத்தால் நான் வாதாடுவதில்லை. அந்தத் தச்சன் வெட்டுவான். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி.